புதிய கமிட்டி வந்தபின் ஓட்டப் பயிற்சி கூடியது, தசைப்பிடிப்பும் கூடியது: எதை மாற்றுவது?

கேள்வி: அணிச் செயலர், குளச்சல் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். குளச்சலுக்குச் சற்று மேற்கே உள்ள ஒரு கடற்கரை ஊரின் கால்பந்து அணிக்கு நான் செயலராக இருக்கிறேன். ஊரின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். எவரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்து கூடும் கமிட்டியில் எதைப் பேசுவது என்பது எனக்கே தெளிவாகவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளாக எங்கள் அணி எந்தப் போட்டிக்குப் போனாலும் முதல் சுற்றிலேயே வெளியேறிக்கொண்டிருந்தது. மே மாதம் பழைய கமிட்டி விலகிப் புதியவர்கள் பொறுப்பேற்றார்கள். அவர்கள் ராணுவத்தில் விளையாடி ஓய்வு பெற்ற ஒருவரைப் பயிற்சியாளராக அழைத்து வந்தார்கள். அவர் வந்த முதல் நாளே, "உங்களுக்குப் பந்து தெரிகிறது, மூச்சுதான் இல்லை" என்றார். ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து காலை ஐந்து மணிக்குக் கடற்கரை மணலில் ஓட்டம் தொடங்கியது. சிலுவை நிற்கும் குருசடியிலிருந்து தூண்டில் வளைவு என்னும் கல் தடுப்பு வரை போய்த் திரும்ப வேண்டும், இப்படி நான்கு முறை. அதன் பிறகு பத்து ஸ்பிரிண்ட் (முழு வேகக் குறுகிய ஓட்டம்), அதன் பிறகு ஒருவரை ஒருவர் முதுகில் சுமந்து மேடேறுவது. மாலையில் பந்துப் பயிற்சி தனியாக உண்டு. வாரத்தில் ஆறு நாள் இப்படி நடக்கிறது.

ஜூலையில் மூன்று ஆட்டம் ஆடினோம். இரண்டில் வெற்றி, ஒன்றில் சமன். ஊரே மகிழ்ந்தது. ஆனால் ஆகஸ்ட் பாதிக்கு மேல் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இரண்டு பேருக்குத் தொடையின் பின்புறம் பிடித்துக்கொண்டது, ஒருவருக்குக் கெண்டைக்கால். தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றோம். வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் கடைசி இருபது நிமிடத்தில் விழுந்தவை. மூச்சுக்காகத்தானே இவ்வளவு ஓடினோம் என்று பையன்கள் கேட்கிறார்கள்.

கமிட்டியில் பாதிப் பேர் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். மறு பாதி, பையன்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது, இன்னும் கூட்ட வேண்டும் என்கிறார்கள். பயிற்சியாளரோ, "ஜூலையில் ஜெயித்தது இதே பயிற்சியில்தான், நான் ஒன்றையும் மாற்றவில்லையே" என்கிறார். அது உண்மையும்கூட, அட்டவணை அன்றும் இன்றும் ஒன்றுதான். அணியில் பதினெட்டுப் பேர். அவர்களில் பத்துப் பேர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள், மற்றவர்கள் கல்லூரி மாணவர்களும் நாகர்கோவிலில் கடைகளில் வேலை செய்பவர்களும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய இடது விங், முட்டம்

செயலர் தம்பிக்கு வணக்கம். நான் பதினைந்து ஆண்டுகள் இந்தக் கடற்கரையில் விளையாடியவன்; இப்போது முழங்கால் இரண்டும் அதற்குச் சாட்சி. உங்கள் பயிற்சியாளர் சொன்னதில் பாதி சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர் அணிகளில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டத் தெரிந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். எழுபதாவது நிமிடத்தில் பின்னால் ஓடி வந்து காக்கத் தெரிந்தவர்கள்தான் அரிது. ஆகவே ஓட்டமே வேண்டாம் என்று சொல்லும் கமிட்டிக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் மணலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை மணல் எல்லாம் ஒன்றல்ல. அலை வந்து போகும் ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் சரிந்திருக்கும். குருசடியிலிருந்து மேற்கே ஓடும்போது இடது கால் பள்ளத்திலும் வலது கால் மேட்டிலும் விழும். திரும்பி வரும்போது மாறும் என்பார்கள். ஆனால் திரும்பி வரும்போது களைத்துப்போன கால்தான் பள்ளத்தில் விழுகிறது. மேலே உள்ள காய்ந்த மணலிலோ கால் புதையும். வெறுங்காலோடு புதைமணலில் பத்து ஸ்பிரிண்ட் அடித்தால் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் வாங்கும் அடி கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் காலத்தில் மணலில் ஓட்டம் வாரத்துக்கு இரண்டு நாள்தான். அதுவும் எங்களில் யாரும் அறிவோடு முடிவு செய்ததல்ல, மற்ற நாள்களில் கரையிலிருந்து கரைமடி வலை இழுப்பவர்கள் இடம் தரமாட்டார்கள் என்பதால் அமைந்தது.

இரண்டாவது, மணலில் ஓடிப் பழகியவனுக்கு மணலில் ஓடத்தான் வரும். மணலில் கால் தரையில் தங்கும் நேரம் அதிகம்; கட்டாந்தரையில் பந்துக்குப் பாய்கிறவனுக்குக் கால் தரையைத் தொட்டவுடன் எழ வேண்டும். உங்கள் ஆகஸ்ட் ஆட்டங்கள் எங்கே நடந்தன? தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துச் செம்மண் மைதானங்கள் என்றால், காலை முழுவதும் மணலில் பழகிய காலைக் கொண்டுபோய் அங்கே முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறீர்கள். ஸ்பிரிண்டையாவது மைதானத்துக்கு மாற்றுங்கள். முதுகில் ஆளைச் சுமந்து மேடேறுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னால் ராணுவக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பதில்: உடற்கல்வி ஆசிரியர், தக்கலை

செயலர் அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். விடை அதிலேயே இருக்கிறது என்று கருதுகிறேன், ஆனால் அது இரண்டு வெவ்வேறு பத்திகளில் பிரிந்து கிடப்பதால் அவர் கண்ணில் படவில்லை. பயிற்சி ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கியது. காயங்கள் ஆகஸ்ட் பாதிக்கு மேல் வந்தன. அணியில் பத்துப் பேர் விசைப்படகில் போகிறவர்கள். நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, மொத்தம் 61 நாள்கள். அதாவது உங்கள் புதிய பயிற்சியாளர் வந்து தம் அட்டவணையை நிறுவியபோது அந்தப் பத்துப் பேரும் கரையில் இருந்தார்கள். காலையில் ஓடினார்கள், பகலில் தூங்கினார்கள், மாலையில் பந்தாடினார்கள், இரவிலும் தூங்கினார்கள். சொல்லப்போனால் இரண்டு மாதம் அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் போல வாழ்ந்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று படகுகள் கடலுக்குப் போயின. அட்டவணை மட்டும் மாறவில்லை.

பயிற்சியாளர் "நான் ஒன்றையும் மாற்றவில்லை" என்று சொல்வது தமக்குச் சாதகமான வாதம் என்று நினைக்கிறார். என் பார்வையில் சிக்கல் அதுவேதான். உடலுக்குக் காலை ஓட்டத்தின் சுமை, படகு வேலையின் சுமை என்று தனித்தனிக் கணக்கு கிடையாது. எட்டு, பத்து நாள் தங்கல், அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறவன் அங்கே என்ன செய்கிறான் என்று யோசியுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வலை ஏறுவதால் தூக்கம் துண்டு துண்டாகிறது. அலையில் ஆடும் படகுத் தளத்தில் முழங்காலை லேசாக மடக்கி நின்று, இடுப்பிலிருந்து குனிந்து மீனைப் பிரிக்கிறான். முதுகின் கீழ்ப்பகுதியும் தொடைப் பின்தசையும் நாள் முழுவதும் இறுகியே இருக்கின்றன. அதே நேரத்தில் அந்தப் பத்து நாளில் அவன் ஒரு முறைகூட வேகமாக ஓடுவதில்லை, ஓட இடமும் இல்லை. கரைக்கு வந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு, மற்றவர்களோடு சேர்ந்து பத்து ஸ்பிரிண்ட். தொடைப் பின்தசை கிழிவது பெரும்பாலும் முழு வேக ஓட்டத்தில், கால் முன்னே வீசப்பட்டுத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்தும் அந்தக் கணத்தில்தான். களைத்தும் பழக்கம் விட்டும் போன தசையைக் கொண்டு அதைச் செய்யச் சொல்கிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை அல்ல. 2015 அக்டோபரில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணி பத்தாம் இடத்தில் தடுமாறிக்கொண்டிருந்தபோது யூர்கன் க்ளோப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். பந்தை இழந்தவுடன் எல்லோரும் பாய்ந்து நெருக்கும் அவருடைய ஆட்டமுறைக்கு முன்பைவிட மிக அதிகமான வேக ஓட்டம் தேவைப்பட்டது. பருவத் தொடக்கத்துக்கு முந்தைய ஆயத்தப் பயிற்சிக்கு அவருக்கு வாய்ப்பே இல்லை. ஆட்டங்களுக்கு நடுவே பழக்க வேண்டியிருந்தது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் தொடைப் பின்தசைக் காயங்கள் வரிசையாக வந்தன. 2016 ஜனவரியில் எக்ஸிடர் என்ற சிறிய அணிக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில் பெரும்பாலும் இளைஞர்களையும் மாற்று ஆட்டக்காரர்களையும் இறக்க வேண்டிய நிலை வந்தது. அந்தப் பருவம் எட்டாம் இடத்தில் முடிந்தது. அவர் முறையைக் கைவிடவில்லை. ஆனால் அடுத்த கோடையில் முழு ஆயத்தக் காலம் கிடைத்தது, பயர்ன் மியூனிக்கிலிருந்து உடற்தகுதிப் பயிற்சிக்கென்றே ஒருவரை அழைத்துக்கொண்டார், அணி நான்காம் இடத்துக்கு வந்தது. 2019-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றதும் அதே ஓட்டத்தை நம்பிய அணிதான். முறை தவறு என்றோ சரி என்றோ முதல் ஆறு மாதத்தில் முடிவு செய்திருந்தால் இரண்டுமே பிழையாகியிருக்கும்.

இனி, நீங்கள் என்ன செய்யலாம். முதலில் அளவிடுங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒவ்வொருவரிடமும், இன்று எவ்வளவு கடினமாக இருந்தது என்று பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண் கேளுங்கள். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். அறுபது நிமிடம், கடினம் ஏழு என்றால் 420. வார மொத்தத்தை எழுதுங்கள். படகுக்குப் போனவனுக்குப் படகு வேலைக்கும் இதே போல ஓர் எண் கேளுங்கள். ஒருவனுடைய வார மொத்தம் முந்தைய சில வாரங்களின் சராசரியைவிடத் திடீரென்று எகிறினால் அங்கே கொடி காட்ட வேண்டும். எந்த அளவுக்கு எகிறினால் ஆபத்து என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டியதில்லை. பூஜ்யத்திலிருந்து ஆறு நாள் பயிற்சிக்குத் தாவக் கூடாது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

இரண்டாவது, மூச்சுக்காக ஆறு நாள் ஓட வேண்டியதில்லை. நார்வேயில் இளம் ஆட்டக்காரர்களைக் கொண்டு நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு நிமிட ஓட்டம் நான்கு, இடையே மூன்று நிமிட மெதுவோட்டம், இவ்வளவுதான் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஓட்டத்தின்போது இதயத் துடிப்பு உச்ச அளவில் 90 முதல் 95 விழுக்காடு இருக்க வேண்டும். நம் மொழியில் சொன்னால், இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச முடியாத அளவு. எட்டு வாரம் கழித்து அவர்கள் ஆட்டத்தில் ஓடிய தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது, ஸ்பிரிண்டுகளின் எண்ணிக்கை இரட்டித்தது. அதே பலனை அணிக்கு நான்கு பேராக ஆடும் சிறு மைதான ஆட்டமாகவும் பெறலாம். கோல்கீப்பர் இல்லாமல், பந்து வெளியே போனால் உடனே வேறு பந்தை உள்ளே எறிந்து, நான்கு நிமிடம் நிற்காமல் ஆடவிட்டால் பையன்கள் தாங்கள் ஓடுகிறோம் என்பதையே மறந்துவிடுவார்கள்.

மூன்றாவது, ஃபிஃபா வகுத்த 'லெவன் பிளஸ்' என்ற இருபது நிமிட ஆயத்தப் பயிற்சியை மைதானத்தில் பந்தைத் தொடுவதற்கு முன் செய்யுங்கள். நார்வேயில் பதின்வயதுப் பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியான பெரிய ஆய்வில் அது காயங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதில் உள்ள ஒரு பயிற்சியை மட்டுமாவது விடாதீர்கள்: ஒருவன் முழங்காலிட்டு நிமிர்ந்து நிற்க, மற்றவன் பின்னால் அமர்ந்து அவனுடைய இரு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, முதலாமவன் இடுப்பு மடங்காமல் மெல்ல மெல்ல முன்னே சாய வேண்டும், தாங்க முடியாத இடத்தில் கையூன்றிக்கொள்ளலாம். நார்டிக் பயிற்சி என்பார்கள். இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் தொடைப் பின்தசைக் காயம் சுமார் பாதியாகக் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. முதல் வாரம் ஐந்து முறைக்கு மேல் செய்யவிடாதீர்கள். மறுநாள் படியில் இறங்க முடியாது.

பதில்: கணக்குப் பார்ப்பவன், நாகர்கோவில்

ஆசிரியர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் ஜூலை வெற்றிக்குக் காரணம் உடற்பயிற்சிதான் என்பதை எல்லோரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிட்டதாகத் தோன்றுகிறது. ஐந்து வாரப் பயிற்சியில் ஒரு மாற்றமும் வராது என்று சொல்லவில்லை. ஆயினும் இரண்டு ஆண்டு தோற்ற அணியில் கமிட்டி மாறும்போது, யார் வந்தாலும், எதைச் செய்தாலும், அடுத்த சில ஆட்டங்கள் சற்று மேலாகவே இருக்கும். ஏனென்றால் மிக மோசமான கட்டத்தில்தான் ஆள் மாற்றுகிறோம். நெதர்லாந்தின் முதல் நிலைப் போட்டிகளில் 1986 முதல் 2004 வரையிலான பருவங்களை ஆராய்ந்தபோது, சரிவில் இருந்து மேலாளரை மாற்றிய அணிகளும் அதே அளவு சரிவில் இருந்தும் மாற்றாத அணிகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி மீண்டன என்று தெரிந்தது. ஆகவே ஜூலையில் ஓட்டத்துக்குக் கிடைத்த புகழும் கொஞ்சம் அதிகம், ஆகஸ்டில் அதற்குக் கிடைக்கும் பழியும் கொஞ்சம் அதிகம்.

செயலரிடம் ஒரு கேள்வி. ஜூலையில் யாரோடு ஆடினீர்கள், ஆகஸ்டில் யாரோடு? ஆகஸ்ட் எதிரணிகள் கடலோரம் அல்லாத உள்நாட்டு ஊர்களின் அணிகளாக இருந்தால் அவர்களிடம் கடலுக்குப் போகிறவர்கள் இல்லை. அவர்களுடைய பதினொருவரும் வாரம் முழுவதும் ஒன்றாகப் பயிற்சி செய்தவர்கள். கடைசி இருபது நிமிட கோல்களை உங்கள் மூச்சோடு மட்டும் வைத்துப் பார்க்காமல், எதிரே நின்றவர்களின் மூச்சோடும் வைத்துப் பார்க்க வேண்டும். மாற்று ஆட்டக்காரர்களை எப்போது இறக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்று பேர் காயத்தில் இருக்கும்போது பெஞ்சில் யார் இருந்தார்கள்?

க்ளோப் கதைக்குப் பக்கத்தில் வேறு இரண்டையும் வைக்க விரும்புகிறேன். ஃபெலிக்ஸ் மாகாத் என்ற ஜெர்மானியப் பயிற்சியாளர் மலையேற்றமும் 'மெடிசின் பால்' என்ற கனமான பந்துமாக ஆட்டக்காரர்களைப் பிழிந்தெடுப்பதற்குப் பேர்போனவர். அந்த முறையில் 2009-இல் வோல்ஃப்ஸ்பர்க் அணியை ஜெர்மனியின் சாம்பியனாக்கினார். 2014 பிப்ரவரியில், தோற்றுக்கொண்டிருந்த இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் அணிக்கு நடுப் பருவத்தில் வந்து சேர்ந்தார். அணி அந்தப் பருவமே கீழ்நிலைப் பிரிவுக்கு இறங்கியது. மறுபுறம், முந்தைய ஆண்டு கடைசி இடத்திலிருந்து தப்பிப் பிழைத்த லெஸ்டர் அணியை 2015 கோடையில் ஏற்ற க்ளாடியோ ரனியேரி, முந்தையவர் கட்டிவைத்ததை அதிகம் கலைக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் முழு ஓய்வு கொடுத்தார். 2016-இல் அவர்கள் இங்கிலாந்தின் சாம்பியன். ஓய்வு கொடுத்ததால்தான் வென்றார்கள் என்று நான் சொன்னால் அதுவும் நான் மேலே கண்டித்த அதே பிழைதான்; வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் அணி கெட்டுவிடும் என்று உங்கள் கமிட்டியில் யாராவது சொன்னால் மட்டும் இதை எடுத்துக் காட்டுங்கள்.

பதில்: பிசியோ, மார்த்தாண்டம்

காயம்பட்ட மூன்று பேரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், யாரிடம் காட்டினார்கள்?

நம் மாவட்டத்தில் தசை பிடித்தால் முதலில் வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போவதுதான் வழக்கம். நானும் சிறுவயதில் போனவன்தான். எண்ணெயிட்டுக் கட்டுப்போடுவதைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் தொடைப் பின்தசை கிழிந்த முதல் இரண்டு மூன்று நாள்களில் அழுத்தித் தடவுவதும் இழுத்து நீட்டுவதும் உள்ளே ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். தடவல் வேண்டுமென்றால் ஒரு வாரம் போகட்டும் என்று ஆசானிடமே சொல்லுங்கள், நல்ல ஆசான் ஒத்துக்கொள்வார்.

இந்தக் காயம் மறுபடி வருவதில் பேர்போனது, அதுவும் விளையாட்டுக்குத் திரும்பிய முதல் சில வாரங்களில். வலி போய்விட்டது என்பது திரும்புவதற்கான அடையாளம் ஆகாது. குப்புறப் படுத்து முழங்காலை மடக்கும்போது நீங்கள் கையால் எதிர்த்துப் பிடித்தால் இரு காலிலும் ஒரே வலு இருக்க வேண்டும். பிறகு பாதி வேகம், முக்கால் வேகம், முழு வேகம் என்று வெவ்வேறு நாள்களில் ஓடிப் பார்த்து, மறுநாள் காலையில் இறுக்கம் இல்லையென்றால் மட்டுமே ஆட்டம். லேசான இழுப்புக்கே இரண்டு மூன்று வாரம் ஆகும்.

இன்னொன்று, தண்ணீர். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழிகிறதே தவிர உலர்ந்து உடலைக் குளிர்விப்பதில்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது, ஒன்றரை லிட்டர் திரும்ப வேண்டும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைவிட மலிவானதும் நல்லதுமான பானம் எனக்குத் தெரியாது.

கேள்வி கேட்டவர்: அணிச் செயலர், குளச்சல் பக்கம்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கமிட்டி முடிந்து வந்து எழுதுகிறேன்.

ஆசிரியர் ஐயாவின் பதிவைப் படித்த அன்றே, காயம்பட்ட மூவரின் வீட்டுக்கும் போய் எந்தத் தேதியில் கரைக்கு வந்தார்கள் என்று கேட்டேன். தொடை பிடித்த இருவரில் ஒருவன் கரையேறிய மறுநாள் காலை மணலில் விழுந்தவன். மற்றவன் வியாழன் வந்து ஞாயிறு ஆட்டத்தில் இறங்கியவன். கெண்டைக்கால் பிடித்தவன் மட்டும் படகுக்காரன் அல்ல, கல்லூரி மாணவன். அவன் வெறுங்காலோடு புதைமணலில் ஓடியபோது பிடித்தது. முட்டம் அண்ணன் சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

நாகர்கோவில் நண்பர் கேட்டதற்கும் விடை சொல்ல வேண்டும். ஜூலை ஆட்டங்கள் மூன்றும் பக்கத்துக் கடற்கரை ஊர்களோடு. ஆகஸ்டிலும் அதன் பின்னும் ஆடிய நான்கில் மூன்று உள்நாட்டு அணிகளோடு, அவர்கள் மைதானத்தில். பெஞ்சில் இருந்தவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவன் கோல்கீப்பர். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

கமிட்டியில் பயிற்சியாளருக்கு முதலில் கோபம் வந்தது. இரவிபுத்தன்துறையிலிருந்து ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போன மைக்கேல் சூசைராஜைச் சொல்லி, கடற்கரைப் பிள்ளைகளால் தாங்க முடியாத பயிற்சியா என்று கேட்டார். தொழில்முறை அணியில் பயிற்சி முடிந்தால் ஓய்வுதான் வேலை, நம் பையனுக்குப் பயிற்சி முடிந்தால் ஐஸ் ஏற்றப் போக வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என் நோட்டை வாங்கி, ஆட்டக்காரர்களின் பெயருக்குப் பக்கத்தில் தம் கையாலேயே ஒரு கட்டம் வரைந்து, மேலே "கரை வந்த நாள்" என்று எழுதினார். ராணுவத்திலும் விடுப்பு முடிந்து வருகிறவனை முதல் நாளே முழு ஓட்டத்துக்கு அனுப்பமாட்டோம் என்று அவரே சொன்னார். அது அவருக்கு இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போதைக்கு முடிவானவை இவை. மணல் ஓட்டம் வாரத்துக்கு இரண்டு நாள், காலணியோடு, கெட்டி மணலில். ஸ்பிரிண்ட் மைதானத்தில் மட்டும். கரைக்கு வந்தவனுக்கு முதல் நாள் தூக்கம், இரண்டாம் நாள் பந்தோடு லேசான ஆட்டம், மூன்றாம் நாள் முக்கால் வேகம். முதுகில் ஆளைச் சுமப்பதை மட்டும் அவர் விட மறுத்துவிட்டார். வாரத்துக்கு ஒருமுறை என்று பேரம் பேசி முடித்தோம்.

கடினம் எவ்வளவு என்று எண் கேட்கும் வேலையில் ஒரு வேடிக்கை. முதல் நாள் பதினெட்டுப் பேரும் "ஐந்து" என்றார்கள். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மறுநாள் அவர் பைக்கில் கிளம்பிப் போனபின் கேட்டேன். எட்டு, ஒன்பது என்று வந்தது. ஒருவன் பதினொன்று என்றான்.

ஆசிரியர் ஐயாவிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி. எங்கள் நடுக்களத்தில் முக்கியமான பையன் வரும் வியாழன் கரைக்கு வருகிறான். ஞாயிறு மாலை ஆட்டம். காயம் எதுவும் இல்லை, ஒன்பது நாள் தங்கல். அவனை இறக்கலாமா?

பதில்: உடற்கல்வி ஆசிரியர், தக்கலை

வியாழன் தூங்கட்டும். வெள்ளி லேசான பந்தாட்டம், சனி முக்கால் வேகத்தில் ஐந்தாறு ஓட்டம், அதற்கு மேல் வேண்டாம். ஞாயிறு காலை இறுக்கம் இருக்கிறதா என்று அவனிடம் தனியாகக் கேளுங்கள், பயிற்சியாளர் முன்னால் கேட்காதீர்கள். இறுக்கம் இல்லையென்றால் பெஞ்சில் வைத்துக் கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்குங்கள். நீங்கள் கோல் வாங்கும் நேரமும் அதுதானே. இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடிச் சூடாகிக்கொள்ளச் சொல்ல மறக்க வேண்டாம். பெஞ்சில் இன்னொரு களத்து ஆட்டக்காரனையாவது சேர்த்து வையுங்கள்.